அண்ணன் மேல் நட்ட கம்பு

எங்கள் அண்ணி சவுரியம்மாளைப் பற்றி எங்கள் கோயில் பங்கில் யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். திண்டிவனம் கமிட்டியில், அதாவது விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து விற்கிற அரசுக் கூடத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் புடைத்து மூட்டை பிடிக்கிற பெண்களில் அவர் குரல்தான் ரோடு வரைக்கும் கேட்கும். எடை போடுகிறவன் தராசில் கட்டைவிரலை வைத்தால் அங்கேயே நாலு பேர் முன்னால் அவன் மானத்தை வாங்கிவிடுவார். நான் அவருக்கு நாத்தனார், லூர்துசெல்வி. ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நாத்தனார் அண்ணியைப் புகழ்கிறாள் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம். நான் புகழ வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

என் அண்ணன் ராஜாமணி கலாசியாக இருந்தார். நாட்டுக்கு நிலப்படம் போடுகிற ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கருவி சுமக்கிற, காடு வெட்டுகிற, கம்பு நடுகிற ஆளுக்குக் கலாசி என்று பெயர். அந்த அலுவலகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று ஒரு பதில் வரும். அவர்கள் பதில்களைப் படித்துப் படித்து எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

செஞ்சிப் பக்கத்து மலைகளை அளக்க வந்த ஒரு குழுவுக்குத் தண்ணீர் சுமக்கப் போனவர், அப்படியே அவர்களோடு ஒட்டிக்கொண்டார். வேலை நிரந்தரமானதும் அருணாசலப் பிரதேசத்தில் போட்டார்கள். பெண் கேட்டுப் போனபோது ‘மாப்பிள்ளைக்கு அருணாசலத்தில் வேலை’ என்று எங்கள் அப்பா சொன்னார். அண்ணியின் அம்மா அது திருவண்ணாமலைதானே, சனிக்கிழமை பஸ் ஏறினால் சாயந்திரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்து, சந்தோஷமாகப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். கல்யாணம் ஆன பிறகுதான் கௌஹாத்தி வரை ரயில், அதற்கு மேல் லாரி, அதற்கும் மேல் நடை என்று தெரிந்தது. இதற்காக அண்ணி எங்கள் அப்பாவைக் கடைசி வரை மன்னிக்கவில்லை. மழை முடிந்து போகிற அண்ணன் அடுத்த கோடையில்தான் திரும்புவார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அண்ணி தனியாகத்தான் இருந்தார்.

ஒரு மே மாதம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அந்தப் பக்கத்துக்கு வெள்ளைக்காரன் போட்ட படம் ஒண்ணு இருக்குது. எல்லைக்கோட்டை மட்டும் தடியா போட்டுட்டு மத்த எடத்தை வெள்ளையாவே வுட்டுட்டான். ஆறு எங்க திரும்புது, மலை எவ்ளோ உசரம், ஊரு எங்க இருக்குது, ஒண்ணுமில்ல. அதைத்தான் நாங்க ரொப்பிக்கினு வர்றோம்.”

“ரொப்பி இன்னா பண்ணுவாங்க?” என்று கேட்டார் அண்ணி.

“மிலிட்டரிக்குக் குடுப்பாங்க. பெரிய பெரிய ஆபீசுக்குக் குடுப்பாங்க.”

“உங்களுக்கு ஒண்ணு குடுப்பாங்களா?”

அண்ணன் சிரித்தார். “நமக்கு எதுக்கு? நமக்குத்தான் வழி தெரியுமே.”

வேலை இப்படித்தான். மலை உச்சிக்கு வழி வெட்டிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் இருக்கிற மரங்களை வெட்டிச் சாய்த்து நாலு பக்கமும் வெளி உண்டாக்க வேண்டும். பாறையில் ஒரு குறி செதுக்கி, அதன் மேல் கம்பு நட்டு, கம்பைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கல் அடுக்க வேண்டும். கல் வட்டமாக ஆரம்பித்து மேலே போகப் போகச் சிறுத்து வரவேண்டும். அதிகாரி எதிர் மலையில் நின்று கருவி வழியாக அந்தக் கம்பைப் பார்த்து அளப்பார். மேகம் மூடிவிட்டால் விலகுகிற வரைக்கும் அரிசி தீர்ந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரைப் பூசிக்கொள்வார்களாம். காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கும், சில சமயம் இருக்காது.

தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் ஆக்கினார்களே, அந்த 1993ஆம் வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் அண்ணன் கிளம்பினார். மறு வருஷம் பிப்ரவரியில் தந்தி வந்தது. மலைக்காய்ச்சலில் இறந்துவிட்டார், உடலைக் கீழே இறக்க வழியில்லாததால் முகாமுக்கு அருகிலேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று இருந்தது. தந்தியைப் படித்துச் சொன்னது நான்தான். அண்ணி அழவில்லை. “சாமியார் யாராச்சும் இருந்தாங்களா? ஒரு பரலோக மந்திரமாவது சொல்லித்தான் மூடினாங்களா?” என்று கேட்டார். தந்தியில் அதெல்லாம் எழுதுவார்களா?

அன்றிலிருந்து அண்ணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம்தான். அண்ணனை எடுத்துவந்து எங்கள் ஊர்க் கல்லறையில், ஜெபம் சொல்லி அடக்கம் செய்ய வேண்டும். அடுத்த கோடையில் ஏற்பாடு செய்கிறோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அடுத்த கோடை போய், அதற்கடுத்த கோடையும் போனது. பிறகு அவர் எந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார் என்று தெரியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் அளக்கிற ஆபீசுக்குத் தன் ஆள் எங்கே கிடக்கிறான் என்று தெரியவில்லையாம்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரில் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள். அவரவர் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளிக்க வருகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்கள். வெளியூரில் அடக்கமானவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதற்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. அண்ணி எங்கள் அப்பா அம்மா கல்லறைக்கு எல்லாம் செய்வார். பெரிய சிலுவைப் பக்கம் போகவே மாட்டார். பங்குச் சாமியார் ஒருமுறை கூப்பிட்டு, அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றக் கூடாதா என்று கேட்டார்.

“அது யார் யாருக்கோ ஏத்துற எடம் சாமி. என் வூட்டுக்காரரு யார் யாரோ இல்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான்கூடக் கோபித்துக்கொண்டேன். ஆன்மாவுக்கு இடம் எதற்கு, ஏற்றினால் என்ன என்று கேட்டேன். “உனக்கு அண்ணன் செல்வி. செத்தா செத்தாரு. எனக்கு அவரு இன்னும் வூடு வந்து சேரல” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2004இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நாங்கள் அவரைக்காய் கிள்ளிக்கொண்டு இருந்தபோது பூமாலை வந்தார். கண்டமங்கலத்துக்காரர். அண்ணன்தான் அவரையும் கலாசி வேலையில் சேர்த்துவிட்டார். அண்ணன் இறந்தபோது கூட இருந்தவர். அதன் பிறகு வேறு குழுவுக்கு மாற்றி எங்கெங்கோ அனுப்பிவிட்டதால் இத்தனை வருஷமும் எங்கள் கண்ணில் அகப்படவே இல்லை. அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். தண்ணீர் குடித்து முடித்த பிறகும் செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அண்ணி, போன வருஷம் அண்ணனைப் பொதைச்ச எடத்துக்குப் போயிருந்தேன்” என்றார்.

முகாம் ஒரு மலைக்குக் கீழே இருந்ததாம். பக்கத்தில் மரமில்லாத ஒரு மேடு. அங்கேதான் குழி வெட்டினார்கள். கரடி தோண்டிவிடக் கூடாது என்று மேலே கல் அடுக்கினார்கள்.

“அடுக்குனது எல்லாம் நாங்க கலாசிங்கதான். எங்க கைக்கு ஒரே தினுசுதான் தெரியும் அண்ணி. வட்டமா, மேல போவப் போவச் சிறுத்து. சும்மா சொல்லக்கூடாது, அந்த மலையில எந்த உச்சியிலயும் அவ்ளோ அழகா அடுக்கி இருக்க மாட்டோம். மூங்கில்ல சிலுவை கட்டி மேல சொருவுனோம். அண்ணனுக்கு நம்மளால ஆன மரியாதைன்னு நெனச்சோம்.”

மூங்கில் சிலுவை அடுத்த மழைக்கே போய்விட்டது. கொஞ்ச வருஷத்தில் வேறு குழு ஒன்று அந்தப் பக்கம் அளக்க வந்தது. அதில் பழைய ஆள் ஒருத்தரும் இல்லை. திறந்த மேடு, அதன் மேல் துறை வழக்கப்படி அடுக்கிய கல். நம் ஆட்கள் எப்போதோ அளந்த இடம், கம்பு மட்டும் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடியில் பாறையில் குறி இருக்கிறதா என்று கல்லைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். யார் புரட்டுவது? கல்லுக்குள் புதுக் கம்பு நட்டு, சிமென்ட் பூசி, நம்பர் எழுதி, அங்கே இருந்து சுற்றியுள்ள மலைகளை எல்லாம் அளந்துகொண்டு போய்விட்டார்கள். படத்திலும் அச்சடித்துவிட்டார்கள். என் அண்ணன் கிடக்கிற இடத்துக்கு, அளவுக் குறி என்பதற்கு அடையாளமாக ஒரு முக்கோணமும், பக்கத்தில் உயரமும்.

“புது ஆபீசர்கிட்ட சொன்னேன் அண்ணி. சார், இது எங்க அண்ணன் கல்லறைன்னேன். ரிட்டையர் ஆவுற நேரத்துல பேஜாரு பண்ணாத பூமாலைன்னுட்டாரு.”

அண்ணி அவரைக்காயைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. கிள்ளிக்கொண்டே, “கம்பு எவ்ளோ ஆழம் நட்டிருந்தாங்க?” என்று கேட்டார்.

“கல்லுக்குள்ளதான் அண்ணி. மண்ணுக்குப் போவல. நான் பார்த்தேன்.”

“சரி, சாப்ட்டுட்டுப் போ” என்றார்.

அந்த வாரமே நாங்கள் சென்னையில் இருக்கிற அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். பூசைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு அண்ணி வந்தார். அதிகாரி மரியாதையான ஆள். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே யாரையும் அடக்கம் செய்ததாகத் தங்கள் ரெக்கார்டில் இல்லை என்றார்.

“அடக்கம் பண்ணவரு உசிரோட இருக்காரு சார். கூட்டிக்கினு வர்றேன்” என்றார் அண்ணி.

“அதுக்கில்லம்மா. அங்க இப்ப அளவுக் குறி இருக்கு. அது அரசாங்கச் சொத்து. அதைத் தோண்டறது, கல்லை எடுக்கறது எல்லாம் சட்டப்படி குற்றம். எங்களுக்கே அதிகாரம் கிடையாது.”

“அது என் வூட்டுக்காரரு சார்.”

“உங்க கஷ்டம் புரியுதும்மா.”

“அந்தப் படத்தையாவது காட்டுங்க. எங்கன்னு கண்ணால பாத்துக்கறேன்.”

“எல்லைப் பகுதிப் படம்மா. வெளி ஆளுங்களுக்குக் காட்டக் கூடாது.”

“அதைப் போடுறதுக்குப் போய்த்தான் சார் அவரு செத்தாரு. நான் வெளி ஆளா?”

அதிகாரி டீயை அண்ணி பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, “பார்த்தாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ஒரு முக்கோணமும் ஒரு நம்பரும்தான் இருக்கும்” என்றார்.

“அந்த நம்பர் இன்னா சார்? உசரம்தானே? அதையாவது சொல்லுங்க.”

“அதையும் சொல்லக் கூடாதும்மா.”

அண்ணி எழுந்து நின்றார். கமிட்டியில் தராசுக்காரனிடம் பேசுகிற குரல் வரப்போகிறது என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்தேன். அந்தக் குரல் வரவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“உசரத்தை மண்ணுல நின்னு அளந்தீங்களா, கல்லு மேல நின்னு அளந்தீங்களா?”

“குறி மேலதாம்மா அளப்பாங்க. கல்லு மேல.”

“அப்ப என் வூட்டுக்காரரையும் சேர்த்துத்தான் அளந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். டீயைத் தொடவில்லை. பல்லவன் பஸ்ஸில் எழும்பூர் வருகிற வரைக்கும் நான்தான் அழுதேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய மனுக்களை எல்லாம் சொல்லி உங்களைச் சலிக்க வைக்க மாட்டேன். சாமியாரும் எழுதினார், மேற்றிராணியாராகிய பிஷப் இல்லத்தில் இருந்தும் எழுதினார்கள். ஒரு பதிலில் அங்கே கல்லறை இல்லை என்றார்கள். இன்னொன்றில் கல்லறை இருந்தாலும் குறியைக் கலைக்க முடியாது என்றார்கள். டீச்சராக இருந்தவள் நான். ஒரே ஆள் இரண்டு விதமாகப் பொய் சொன்னால் முட்டி போட வைப்பேன். அரசாங்கத்தை எங்கே முட்டி போட வைப்பது? ஒவ்வொரு பதில் வரும்போதும் அண்ணி, “இல்லைன்னுதானே போட்டிருக்கான்? மறுபடி எழுது” என்று சொல்லிவிட்டுக் கமிட்டிக்குக் கிளம்பிப் போவார். வயது ஏறி முறம் பிடிக்க முடியாமல் போனபோதும் போனார்.

2011இல் ஒரு பதில் வந்தது. இப்போது செயற்கைக்கோள் வழியாக அளக்கிறார்களாம். ஆகையால் மேற்படி குறி இனி தேவையில்லை என்று கைவிடப்பட்டுவிட்டதாம். குடும்பத்தார் அவ்விடத்தில் தோண்டி எடுத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம்.

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். எங்கள் கண்ணீரைப் பார்த்து விட்டுக்கொடுக்கவில்லை. தப்பு செய்தோம் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்த வரைக்கும் என் அண்ணனை வைத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று ஆனதும் வந்து தூக்கிக்கொண்டு போ என்கிறார்கள். வீட்டில் பழைய டப்பாவைப் போடுவதற்கு முன் யாருக்காவது வேண்டுமா என்று கேட்கிறார்களே, அந்த மாதிரி.

“கோவத்தை அப்பறமா வச்சிக்கலாம் செல்வி” என்றார் அண்ணி. “பெட்டியை எடு. ஜல்தியா கெளம்பணும். மனசு மாறிடப் போறானுங்க.”

எனக்கு முழங்கால் போய்விட்டதால் நான் போகவில்லை. அண்ணியும் பூமாலையும் போனார்கள். அங்கே உள்ளே நுழைவதற்கு அனுமதி, தோண்டுவதற்குக் கலெக்டர் கையெழுத்து எல்லாம் வாங்கி, மலைக்குக் கீழே இருக்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அண்ணியை முதுகுக் கூடையில் உட்கார வைத்து மேலே தூக்கிப் போனார்களாம். கல்லையும் அவர்களே எடுத்தார்கள். திரும்பி வந்தபோது திண்டிவனம் ஸ்டேஷனில் நான் காத்திருந்தேன். அண்ணி ஒரு மரப்பெட்டியைத் தன் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது பூமாலை கை நீட்டினார். அண்ணி பெட்டியைத் தரவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை மாதா படத்துக்குக் கீழே வைத்த பிறகு சொன்னார்.

“அந்த ஊரு பெரியவரு கேட்டாரு செல்வி, இத்தினி வருஷமா ஏன் யாரும் வரலைன்னு. பூமாலைதான் இந்தியில சொல்லிக் கேட்டுச் சொன்னாரு. அவங்களுக்கு எல்லாம் அது கல்லறைன்னு தெரியும். மாடு ஓட்டிக்கினு போறப்பக்கூட சுத்திக்கினுதான் போவாங்களாம். கம்பு நட வந்தவங்ககிட்டயும் சொல்லி இருக்காங்க, உள்ள ஆளு இருக்கான்னு. அவங்க மலைக்குப் பேரு இன்னான்னு மட்டும் கேட்டு எழுதிக்கினு போயிட்டாங்களாம்.”

தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று மனசில் ஒரு ஓரத்தில் மன்னிப்பு வைத்திருந்தேன். அன்றைக்கு அதுவும் போய்விட்டது.

ஊரே அடக்கத்துக்கு வந்தது. பூசை முடிந்து கல்லறைக்கு வந்தோம். அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி, ஜீப்பில், பெரிய மலர் வளையத்தோடு வந்திருந்தார். நாங்கள் முன்பு பார்த்தவர் இல்லை, புதியவர். பெட்டியைக் குழியில் இறக்கியதும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நாட்டின் எல்லையைக் காக்கிற வீரர்களுக்கு வழிகாட்டும் படத்தை உருவாக்கிய தியாகி என்றார். ராஜாமணி போன்றவர்களைத் துறை என்றைக்கும் மறக்காது என்றார். பூமாலை தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி அவர் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

பிறகு எல்லாரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். அதிகாரியும் ஒரு பிடி போட்டார். போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு பின்னால் போனார். குழி வெட்டியவர்கள் மம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணி ஒருத்தரிடம் இருந்து மம்மட்டியை வாங்கி, நேராக அதிகாரியிடம் போய் நீட்டினார்.

“நீங்க மூடுங்க சார்.”

“நானாம்மா?”

“ஆமா சார். அன்னிக்கு மூடுனதெல்லாம் பூமாலை மாதிரி கலாசிங்கதான். கம்பு நடுறதுக்கு மட்டுந்தான் உங்க ஆபீசருங்க வந்தாங்க. மறக்க மாட்டோம்னு சொன்னீங்க இல்ல? மூடிட்டுப் போங்க.”

சாமியார், “சவுரியம்மா” என்று தயங்கிக்கொண்டு கூப்பிட்டார். “நீங்க ஜெபத்தைச் சொல்லுங்க சாமி” என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல்.

அதிகாரி சுற்றியும் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தரும் நகரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மம்மட்டியை வாங்கினார். பழக்கமில்லாத கை, மண் பாதி குழிக்கு வெளியே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பாவப்பட்டு இரண்டு பையன்கள் உதவப் போனார்கள், நான் தடுத்துவிட்டேன். அந்த மனிதர் எந்தத் தப்பும் செய்யாதவராக இருக்கலாம். அதைப் பற்றி எனக்கு அன்றும் கவலை இல்லை, இன்றும் இல்லை.

மண் தரை மட்டத்துக்கு வந்ததும் அவர் நிமிர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “போதுமாம்மா?” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க சார்” என்றார் அண்ணி. “மழைக்கு எறங்கும்.”